ஃபேனை நிறுத்திச் சலித்த தூள்

நைனா,

போன வாரம் கீழே இருக்கிற மளிகைக்கடை போனில் உன் அப்பனிடம் நீ பேசியதிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். நீ அதிக நேரம் பேசவில்லை. தை மாதம் ஓசூரில் கல்யாணம், பொண்ணு பேர் கவிதா, உன் கம்பெனியிலேயே வேலை பார்க்கிறது என்று சொன்னாய். எனக்குச் சந்தோஷத்தில் வாய் குழறி, "சாப்பிட்டியா" என்று என்னமோ கேட்டேன். அப்புறம்தான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். "நீ மேடையில வந்து நிக்கணும்னா எனக்கு ஒண்ணு தெரிஞ்சாவணும்பா. மூச்சு முட்டுதுன்னு அம்மா உங்கிட்ட ஒரு தபாவாவது சொல்லிச்சா, இல்லியா? அதுக்கு மட்டும் பதில் சொல்லு." கடைக்காரர் பக்கத்தில் வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தார். "லைன் சரியில்ல, லெட்டர் போடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

இதே கேள்வியை அஞ்சு வருஷத்துக்கு முன்னால், அம்மாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்த அன்றைக்கும் கேட்டாய். ஈர வேட்டியோடு நின்றுகொண்டு நான் சொன்ன பதில் உனக்கு ஞாபகம் இருக்கும். "சொல்லவே இல்லடா. சொல்லியிருந்தா வுட்டிருப்பேனா?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நீ பிடிக்கவில்லை. அப்போதிருந்து பொங்கலுக்கு ஒரு போன், தீபாவளிக்கு ஒரு போன் என்று ஆகிவிட்டது நமக்குள். இந்தத் தடவை உண்மையைத்தான் எழுதப்போகிறேன். கவரை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். கவிதாவும் படிக்கட்டும், அவர்கள் வீட்டில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். எந்த வீட்டுக்கு வாழ வருகிறோம் என்று தெரிந்துகொண்டு வருவது அந்தப் பொண்ணுக்கு நல்லது. ஆனால் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வர என்னால் முடியாது. நான் பெயிண்டர். முதல் கோட் காயாமல் இரண்டாவது கோட் அடித்தால் உப்பிக்கொண்டு வந்துவிடும் என்று பழகினவன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ ஏழாவது படித்த வருஷம், பெரம்பூர் பக்கத்தில் நான் வேலை பார்த்த, வேகன் ரிப்பேர் செய்கிற பட்டறை வாசலில் செகண்டு சார் வந்து நின்றார். கப்பலில் செகண்டு இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்று ராயபுரத்தில் இருந்தாரே, அவர்தான். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. துணிப்பையிலிருந்து உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பொம்மை கூட்ஸ் பெட்டியை எடுத்து, இதே செங்காவி நிறத்தில் கொஞ்சம் பெயிண்ட் கிடைக்குமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சார் இது, மாப்ள அழைப்புக்குப் போறாப்ல பளபளன்னு கீது? கூட்ஸ் வண்டி எந்த ஊர்ல சார் குளிச்சிட்டு வரும்?" என்றேன். வேறு ஆளாக இருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பார். அவர் பைக்குள் கைவிட்டு இன்னொரு பெட்டியையும் எடுத்து இரண்டையும் என் கையில் வைத்து, "அப்ப நீயே செஞ்சு காட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வாய்தான் எனக்கு எதிரி என்று உன் அம்மா சொல்வாள். அந்த வாயில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அவர் கப்பலில் போன ஊர்களிலெல்லாம் பழைய பொம்மைக் கடைகளில் கூடையில் கொட்டி மலிவாக விற்கிற ரயில் பெட்டிகளை அள்ளிக்கொண்டு வந்திருந்தார். நான் பிறப்பதற்கு முன்னால் செய்த பெட்டிகள்கூட அதில் இருந்தன. நல்லதை வாங்கக் காசு இல்லாதவர் இல்லை. யாரும் சீந்தாததைத் தேடி எடுப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். உனக்கு அந்தப் பெட்டிகள் நன்றாகத் தெரியும், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதலில் அதைத்தான் எடுத்து உருட்டிப் பார்ப்பாய். பிளாஸ்டிக் சக்கரம் கோணிக்கொண்டு நடக்கும். உடம்பில் எடையே இருக்காது, வளைவு வந்தால் கவிழ்ந்துவிடும். கொக்கி பெரிசாக, குழந்தை மூக்கில் வளையம் மாட்டினது போல அசிங்கமாக இருக்கும். நான் திருவொற்றியூர் லேத் பட்டறையில் பித்தளைச் சக்கரம் கடைந்து வாங்கி மாட்டினேன். காசிமேட்டில் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டை வாங்கி, சுத்தியால் தட்டித் தகடாக்கி, அடியில் யாருக்கும் தெரியாமல் ஒட்டினேன். கொக்கியை வெட்டிக் கம்பியில் சின்னதாக வளைத்து வைத்தேன். பெட்டி கனத்தோடு, தடதடவென்று, நிஜ வண்டி மாதிரி தண்டவாளத்தில் உட்கார்ந்தது. அதுவரைக்கும் யார் உயிருக்கும் கேடு இல்லை.

அதற்கப்புறம்தான் அழுக்கேற்றுகிற வேலை. பட்டறையில் நாளெல்லாம் அழுக்கைச் சுரண்டிப் புதுசாக்கி அனுப்புகிறவன், வீட்டுக்கு வந்து புதுசை அழுக்காக்கினேன். அதில் நான் கெட்டிக்காரன், இப்போதுகூட அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. துரு எப்போதும் மேலிருந்து கீழே வழியும். எண்ணெய் சக்கரத்திலிருந்து மேலே தெறிக்கும். நிலக்கரி வண்டியின் உள்பக்கச் சுவர் கரி உரசி உரசி மினுங்கும், வெளிப்பக்கம்தான் கறுத்திருக்கும். யார்டில் நம்பர் குறித்துக்கொள்கிறவன் துணியால் ஒரே இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டுத்தான் படிப்பான், அதனால் வண்டி முழுக்க அழுக்கேறிக் கிடந்தாலும் நம்பர் எழுதின இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும். அந்தத் துடைத்த தடத்தை உள்ளங்கை நீள வண்டியில் நான் வைத்ததைப் பார்த்துச் செகண்டு சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வண்டியைப் பார்த்தால் அது எத்தனை மழையில் நின்றது, என்ன சரக்கு ஏற்றியது என்று சொல்லிவிடுவேன் நைனா. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், என் கதையில் எதிரில் இருந்த முகமே தெரியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றை இங்கே எழுதவேண்டும். அந்தத் தூளைக் கண்டுபிடித்தது நான் இல்லை. உன் அம்மா. அத்திப்பட்டு பக்கம் போயிருந்தபோது அனல் மின் நிலையத்திலிருந்து வந்து ரோட்டோரத்தில் கொட்டிக்கிடந்த சாம்பலை ஒரு பால்பவுடர் டின்னில் அள்ளிக்கொண்டு வந்து, அப்படியே வண்டிமேல் தூவினேன். எனக்கு அது பிரமாதமாகத் தெரிந்தது. அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, மூஞ்சிக்குப் பவுடர் போட்டாப்ல கீது? நம்ம ஜன்னக் கம்பில தெனம் படியுதே, அது இந்தக் கலரா?" என்றாள். நான் வண்டியை அறிந்தவன். தூசியை அறிந்தவள் அவள்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த எண்ணூர்த் தூசியைப் பாத்திரத்திலிருந்தும், பாயிலிருந்தும், காயப்போட்ட துணியிலிருந்தும் ஒரு நாளைக்கு மூன்று வேளை துடைத்தவளுக்கு அதன் நிறம் தெரியாதா? சாம்பலோடு செங்கல்லை இடித்துச் சேர்த்தாள். கொஞ்சம் கரித்தூள், உப்புத் தண்ணீரில் ஊறவைத்த இரும்புத் துரு கொஞ்சம். தன் பழைய மெல்லிசுப் பருத்திப் புடவையைக் கிழித்து பேசின் வாயில் கட்டி, மூன்று தடவை சலித்தாள். விரலில் எடுத்தால் விரலின் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற அளவுக்கு மெல்லிசான தூள். அதைத் தூவின வண்டியைப் பார்த்து, "இது எண்ணூர் தூசி" என்று செகண்டு சார் சொன்னார். "ஆமா சார், நம்ம சொந்தத் தயாரிப்பு" என்றேன். நம்ம என்றுதான் சொன்னேன். அவர் என்னைத்தான் தட்டிக்கொடுத்தார். நான் சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு ரூம் வீடு நம்முடையது. மத்தியானம் ஆனால் கடல் காற்று ஜன்னலைப் பிய்த்துக்கொண்டு வரும். அந்தத் தூள் காற்றை ஒத்துக்கொள்ளாது. அதனால் அவள் சலிக்கிறபோது ஜன்னல் சாத்தியிருக்கும், கதவு சாத்தியிருக்கும், ஃபேன் நிறுத்தியிருக்கும். வைகாசி மாத வெயிலிலும் அப்படித்தான். பேசினுக்குமேல் குனிந்து, விரலால் துணியைத் தட்டித் தட்டிச் சலிப்பாள். மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் முதலில் உட்கார்ந்தாள். கட்டினால் முகமெல்லாம் வேர்த்துக் கொட்டும். கட்டாதே என்று நான் சொல்லவில்லை. வேர்வை சொட்டினால் தூள் கட்டி தட்டிவிடும் என்று சொன்னேன். இரண்டும் ஒன்றுதான். மறுநாளிலிருந்து அவள் கட்டவில்லை. நீ மெட்ரிக் முடித்து, பாலிடெக்னிக் சேர்ந்து, கடைசி வருஷம் வருகிறவரைக்கும் வாரத்தில் மூன்று நாள், நாலு நாள், அவள் அப்படி உட்கார்ந்தாள். வேலை முடிந்து எழுந்தால் கண்ணிமை மயிரெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். "கெழவியாயிட்டேன் பாருய்யா" என்பாள். அவள் கெழவி ஆகவே இல்லை.

கவிதாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அப்பன் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன். வீட்டில் நீ ஏதாவது ஒரு பைத்தியம் பிடித்து அலைவாய், என் ரத்தம் சும்மா இருக்காது. அந்தப் பொண்ணு உனக்கு ஒத்தாசையாக வந்து பக்கத்தில் உட்காரும். அது உன்மேல் உள்ள ஆசையில் உட்காருகிறதா, அந்த வேலையின்மேல் உள்ள ஆசையில் உட்காருகிறதா என்று ஒரு தடவையாவது கேட்டுவிடு. உன் அம்மாவை நான் கேட்டதில்லை. அவளுக்கு அந்த வண்டிகள் பிடித்திருந்ததா என்றுகூட இன்றைக்கு எனக்குத் தெரியாது. தூள் சரியாக வந்தால் முகம் மலரும், அது தெரியும். அது தூளுக்காக மலர்ந்ததா, நான் திட்டமாட்டேன் என்று மலர்ந்ததா? இனி யாரைப் போய்க் கேட்பது?

ஜன்னல் விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பாலிடெக்னிக் முதல் வருஷம், ஹாஸ்டலில் இருந்தாய். சனிக்கிழமை கல்லூரி விட்டு வந்தவன் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னாப்பா இது, உள்ள பொக கட்டிக்கினு கீது, மன்சன் இருப்பானா இதுல?" என்று ஜன்னலைப் படாரென்று திறந்தாய். அப்போதுதான் பூசி, ஈரம் காயாமல் வைத்திருந்த நாலு வண்டிமேலும் காற்று மணலை வாரி இறைத்தது. எழுந்து உன்னை அறைந்தேன். மீசை வைத்த பிள்ளையை, தெருவே பார்க்க. நீ என்னைத் திருப்பி அடிப்பாய் என்று நினைத்தேன். நீ அம்மாவைப் பார்த்தாய். அவள், "புள்ள தெரியாம தொறந்துடிச்சி, வுடுய்யா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அதற்கப்புறம் நீ அந்த ஜன்னலைத் தொடவில்லை. சனி ஞாயிறு வீட்டுக்கு வருவதும் குறைந்துபோயிற்று. அன்றைக்கு நீ திறந்ததுதான் சரி. அந்த வீட்டில் மூளை வேலை செய்தது உனக்கு ஒருத்தனுக்குத்தான். இதை நான் அப்போதே ஒரு மணி நேரம் கழித்தாவது சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

இப்போது எழுதப்போவது உன்னைப் பற்றியது. நீ குடித்துவிட்டு உன் மாமாவிடம் அழுததாக அவன் என்னிடம் வந்து சொன்னான். "என் ஃபீஸு கட்டத்தான அம்மா அதுல உக்காந்துச்சி, நான் படிக்காம இருந்திருந்தா உயிரோட இருந்திருக்கும்" என்று சொன்னாயாமே. அது நான் பரப்பின பொய் நைனா. பிள்ளை படிப்புக்காகத்தான் ரெண்டு பேரும் இப்படி உழைக்கிறோம் என்று தெருவில் எல்லோரிடமும் நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் ஃபீஸுக்குப் பட்டறைச் சம்பளமே போதுமானதாக இருந்தது. செகண்டு சார் வண்டிக்குக் கொடுத்த காசு பெயிண்டுக்கும் லேத்துக்கும் சரியாகப் போய்விட்டது. அவளை அங்கே உட்கார வைத்தது என் ஆசை. செகண்டு சார் நம் வண்டியைப் படம் எடுத்து வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பி, அது அச்சில் வந்தது. அவர் பேர்தான் போட்டிருந்தது, என் பேர்கூட இல்லை. அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பட்டறை முழுக்கக் காட்டினேன். நாற்பத்தாறு வயது வரைக்கும் யாரும் என்னை நிமிர்ந்து பார்த்துச் சபாஷ் சொன்னதில்லை. அந்தச் சபாஷுக்காக நான் எதையும் செய்திருப்பேன், செய்தேன். உன் படிப்புக்கும் உன் அம்மா சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அஞ்சு வருஷம் அந்தப் பாரத்தை நீ தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று தெரிந்தும் இறக்கிவைக்காமல் இருந்தேன். நீ பாதி சுமந்தால் எனக்குப் பாதி குறையும் என்று நினைத்தேனோ என்னவோ. குறையவில்லை.

சரி. நீ கேட்டதற்கு வருகிறேன். சொன்னாள். மூன்று தடவை சொன்னாள்.

முதல் தடவை மாடிப்படியில். குடத்தோடு ஏறி வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். "இன்னான்னு தெர்லய்யா, நெஞ்சுல கல்லு வச்சாப்ல கீது" என்றாள். நான் குடத்தை வாங்கிக்கொண்டேன். வயசாகுதில்ல என்றேன். அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது. இரண்டாவது தடவை, உன் மாமா வீட்டுக் காதுகுத்துக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டு வந்த அன்றைக்கு. "அங்க இருந்தப்ப இருமலே இல்லய்யா. இங்க வந்ததும் புடிச்சிக்கிச்சி. இந்தத் தூளு எனக்கு ஒத்துக்கலன்னு நெனைக்கிறேன்" என்று சொன்னாள். பார், அவளே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். டாக்டர் தேவைப்படவில்லை, எக்ஸ்ரே படம் எடுக்கத் தேவைப்படவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எட்டு வண்டி ஒத்துக்கொண்டிருக்கிறேன், பம்பாயிலிருந்து யாரோ வந்து பார்க்கப் போகிறார்களாம், அது முடிந்ததும் விட்டுவிடலாம் என்று சொன்னேன். சரிய்யா என்றாள். மூன்றாவது தடவை அவள் சலித்துக்கொண்டிருந்தபோது. இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "மூச்சு முட்டுதுய்யா" என்று தரையில் கையை ஊன்றிக்கொண்டாள். நான் ஒரு வண்டியின் ஓரத்தில் மயிரிழைப் பிரஷ்ஷால் துரு வைத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. "தூளு பறக்குது பாரு, அந்தாண்ட போய் இருமு" என்றேன்.

அவள் எழுந்து கதவைத் திறந்து வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு இருமினாள். காற்று உள்ளே வரக்கூடாது என்று சாத்தினாள். இருமி முடித்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்து சலித்தாள்.

நீ ஒரு கேள்விதான் கேட்டாய். அதோடு நிறுத்தினால் நான் மறுபடியும் பாதி பொய் சொன்னவன் ஆவேன். அதனால் ஆஸ்பத்திரியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், உனக்கு அது தெரியாது, அப்போது உனக்குப் பரீட்சை. அவளை உட்காரவைத்து டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். விறகடுப்பா என்றார்கள், இல்லை ஸ்டவ் என்றேன். வீட்டில் யாருக்காவது டிபி இருக்கிறதா என்றார்கள், இல்லை என்றேன். "இவங்க என்ன வேலை பாக்குறாங்க? தூசி, மாவு மில்லு, கல்லு உடைக்கிறது, அந்த மாதிரி எதாவது?" என்று கேட்டார்கள். தூசி என்கிற வார்த்தையையே சொல்லிக் கேட்டார்கள் நைனா. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "வேலை ஒண்ணும் இல்ல மேடம். வூட்ல சும்மாதான் கீறா" என்றேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். அந்த எட்டில் இன்னும் அஞ்சு வண்டி பாக்கி இருந்தது. உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மா அவளிடமே, "அப்படியாம்மா?" என்று கேட்டார்கள். "ஆமாம்மா, சும்மாதான் கீறேன்" என்றாள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். டானிக்கும் மாத்திரையுமாக நாலு மாதம் ஓடிப்போயிற்று. கடைசியில் வேறு பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே முழுக்கத் தூசி படிந்திருக்கிறது, இதை ஒன்றும் செய்யமுடியாது, எங்கே வேலை பார்த்தாங்க என்று கேட்டார். அப்போதும் நான் தூளைப் பற்றிச் சொல்லவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் பக்கம் எல்லோருக்கும் நெஞ்சு இப்படித்தான் சார் என்றேன். அதில் பாதி உண்மை, அதனால் அவரும் நம்பினார்.

இன்னும் ஒன்று பாக்கி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ ஓசூருக்கு பஸ் ஏறினாய். மறுநாள் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து அந்த எட்டில் மீதி இருந்த வண்டிகளை முடித்தேன். டின்னில் அவள் சலித்து வைத்த தூள் இருந்தது. செகண்டு சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் துக்கம் விசாரித்துவிட்டு, வண்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையில் வந்ததிலேயே அவைதான் நல்லவை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் உன்னிடம் மறைக்கமாட்டேன். வீட்டுப் படி ஏறும்போதுதான் அழுகை வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வண்டியும் செய்யவில்லை. அதைத் தியாகம் என்று எடுத்துக்கொள்ளாதே. சலிக்க ஆளில்லை, நானே சலித்துப் பார்த்தேன், அந்த நிறம் வரவில்லை. வந்திருந்தால் செய்துகொண்டுதான் இருந்திருப்பேன்.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். நீ மன்னித்தாலும் அது உன் கணக்கு, அவள் கணக்கு அவளோடு போயிற்று. இனி இதில் சரிசெய்ய எதுவும் இல்லை. எனக்கும் இப்போதெல்லாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. நீ பார்க்க வரவேண்டாம், இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. கல்யாணத்துக்கு நான் வரவில்லை. வராதே என்று சொல்லுகிற வேலையை உனக்கு வைக்கக்கூடாது என்று நானே சொல்லிவிடுகிறேன். மேடையில் என் இடத்தில் உன் மாமா நிற்கட்டும், அவனிடம் பேசிவிட்டேன். காரணம் சொல்லவில்லை, நீயும் சொல்லவேண்டாம், இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிடு. கவிதாவுக்கு நான் சொல்ல ஒன்றே ஒன்றுதான். இவனுக்கு நல்ல மனசும்மா, அது அவன் அம்மாவிடமிருந்து வந்தது, கோபம் வந்தால் மட்டும் என்னைப் போல இருப்பான், அப்போது பயப்படாமல் ஜன்னலைத் திற.

பொண்ணு வீட்டில் பெரியவர்கள் உன்னிடம் கேட்பார்கள், சம்பந்தம் பேசும்போது கேட்கிற கேள்விதான் அது. அப்பா என்ன வேலை, அம்மா என்ன பண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்பார்கள். அப்பா வேகனுக்குப் பெயிண்ட் அடித்தார் என்று சொல். அம்மா வீட்டில் சும்மா இருந்தார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. ஏழு வருஷம் வேலை பார்த்தார்கள், அந்த வேலையில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்று சொல். நான் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவில்லை. நீயாவது சொல்.

அப்பா